குளவி கொட்டினால் யார் பொறுப்பு?

மலையகச் செய்தியாளர்களின் கைக்குத் தானாக வந்துவிடும் ஒரு செய்தி உண்டு. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்கானார்கள், இத்தனை பேர் வைத்தியசாலையில் அனுமதி, ஒருவர் கவலைக்கிடம். ஊர்ப்பெயர் மட்டும் மாறும். ஒரு வாரம் பூண்டுலோயா, அடுத்த வாரம் தலவாக்கலை, பிறகு பொகவந்தலாவ, மஸ்கெலியா. வருடம் முழுக்க வருவதால் யாரும் நின்று படிப்பதில்லை. அந்தச் செய்திக்கு இரண்டாம் பாகமும் அநேகமாக வருவதில்லை. கொட்டு வாங்கியவருக்கு வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்கு என்ன கிடைத்தது, இறந்திருந்தால் வீட்டாருக்கு எவ்வளவு, யாரிடமிருந்து, எந்தச் சட்டத்தின்படி என்பதெல்லாம் பத்திரிகைக்கு வெளியே நடக்கும். பல வீடுகளில் அது நடப்பதேயில்லை.

சட்டம் இல்லாததால் அல்ல. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தொண்ணூறு வயதைத் தாண்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. அது கேட்கும் கேள்வி சின்னது: காயம் ஒரு விபத்தால் வந்ததா? அந்த விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் ஏற்பட்டதா? முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்கவேண்டியதில்லை. தொழிலாளி கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்பதும் பொதுவாக எடுபடாது. 'வேலையின் போது' என்பதில் பெரிய சிக்கல் இல்லை; பிரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பெயர் கொடுத்து மலையில் நின்றவர் வேலையில்தான் இருந்தார். சிக்கல் மற்றப் பாதியில்: வேலையின் காரணமாகவா?

இந்தச் சொற்றொடர் நமக்கு வந்தது இங்கிலாந்திலிருந்து, 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக. வந்தபோது ஆங்கில நீதிமன்றங்கள் அதற்குக் கொடுத்த பொருளும் கூடவே வந்தது. அவற்றில் ஒரு வழக்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பெயர் ஆமிஸ் எதிர் பார்ட்டன். 1912ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. பண்ணையில் கதிரடிக்கும் இயந்திரத்தோடு வேலை செய்த ஒரு தொழிலாளியைக் குளவி கொட்டியது. அவர் இறந்துபோனார். குடும்பம் நட்டஈடு கேட்டது, கிடைக்கவில்லை. அவர் வேலையில் இருந்தார் என்பதில் தகராறு இல்லை. ஆனால் குளவி யாரையும் எங்கேயும் கொட்டும். அவருடைய வேலை அவரை மற்றவர்களைவிடக் கூடுதலாக அந்த ஆபத்துக்கு ஆளாக்கியது என்பதற்குச் சான்று இல்லை என்றது நீதிமன்றம். அதற்குச் சில வருடங்கள் முன்னால், திறந்த ஜன்னலருகே தைத்துக்கொண்டிருந்த பணிப்பெண் ஒருத்தி, உள்ளே பறந்துவந்த வண்டைத் தட்டப்போய்க் கண்ணைக் காயப்படுத்திக்கொண்ட வழக்கிலும் இதே பதில்தான்.

1917இல் பிரபுக்கள் சபை கொஞ்சம் இறங்கிவந்தது. ஸ்கொட்லாந்தில் மீன் பொதி செய்யும் கொட்டகையில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். பக்கத்துக் காணியில் வேறு யாரோ கட்டிய சுவர் இடிந்து, கொட்டகைக் கூரையோடு அவள்மேல் விழுந்தது. சுவருக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும், அந்த ஆபத்தான இடத்தில் நிற்கும்படி அவளை வைத்தது அவளுடைய வேலை, அது போதும் என்று தீர்ப்பாயிற்று. தோம் எதிர் சின்க்ளேர் என்பது வழக்கின் பெயர். இடமே ஆபத்தாக இருந்து, அந்த இடத்துக்கு அனுப்பியது வேலையாக இருந்தால், காரணம் வேலைதான்.

பூண்டுலோயாவின் தேயிலை மலைக்கு எந்தத் தீர்ப்புப் பொருந்தும்? நியாயப்படி பார்த்தால் 1917தான். கொழுந்து பறிப்பவர் தன் விருப்பத்துக்கு மலையில் உலாவுவதில்லை. இன்றைக்கு இந்த மலை, இந்த நிரை என்று கங்காணி காட்டும் இடத்தில்தான் நிற்கிறார். முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, இரண்டு பக்கமும் இடுப்பளவு செடி, கீழே சரிவு. கூடு கலைந்தால் ஓட வழியில்லை. மேலே நிழல்மரக் கிளையிலோ, பராமரிப்பில்லாமல் காடாகிப்போன பக்கத்து மலையிலோ கூடு இருக்கிறது. நாம் குளவி என்று சொல்வதில் பாதி உண்மையில் பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பரா என்பது. ஒன்று கலைந்தால் கூட்டமாக வரும். இது நகரத்து ஜன்னலுக்குள் தற்செயலாகப் பறந்துவந்த வண்டு அல்ல.

ஆனால் நியாயம் வேறு, நிரூபணம் வேறு. அந்த மலையில் கூடு இருந்தது தெரியுமா? முன்பு அங்கே யாரையாவது கொட்டியிருக்கிறதா? யாராவது முறைப்பாடு செய்தார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் குடும்பம் 1917இன் பக்கம் நிற்கும். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 1912ஐத் தூசிதட்டி எடுப்பதை யாரும் தடுக்கமுடியாது. நான் எச்சரிக்க நினைப்பது இதைத்தான். பெரிய கொட்டுக்கான சான்று, அதற்கு முன் வாங்கிய சின்னக் கொட்டுகளில் இருக்கிறது. சின்னக் கொட்டை நம் ஆட்கள் எழுதிவைப்பதில்லை. சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, அன்றைய பேர் (ஒரு நாள் வேலைப் பதிவு) போய்விடக் கூடாதென்று திரும்ப நிரைக்குள் இறங்கிவிடுகிறார்கள். எழுதவேண்டிய கணக்கப்பிள்ளைக்கும் எழுதினால் மேலே பதில் சொல்லவேண்டிவரும். ஆகவே இரண்டு பக்கமும் பேசாமல் ஒத்துப்போகிறார்கள்.

உடம்புக்குள் நடப்பது தெரிந்தால் இந்த அசட்டைக்கு எவ்வளவு விலை என்பது விளங்கும். கொட்டினால் சாவு இரண்டு வழியாக வரலாம். ஒன்று ஒவ்வாமை. ஒரே கொட்டுப் போதும். தொண்டை வீங்கி, இரத்த அழுத்தம் விழுந்து, நிமிடக் கணக்கில் ஆள் போய்விடலாம். அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. மலையுச்சியிலிருந்து தூக்கிவந்து, லொறி பிடித்து, வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் வைத்தியசாலைக்குப் போகும் நேரத்துக்கு ஒவ்வாமை காத்திருக்காது. இரண்டாவது வழி மெதுவானது. ஐம்பது, நூறு என்று கொட்டு வாங்கிய உடம்பில் விஷம் தசையைச் சிதைக்கும். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். முதல் நாள் எழுந்து நடப்பார், வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு லயத்துக்கு வருவார். சிறுநீர் குறைந்து முகம் வீங்குவது சில நாள் கழித்து. அப்போது அவரை நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால், அனுமதிப் பத்திரத்தில் சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதுவார்கள். குளவி எழுதப்படுமா இல்லையா என்பது, கூடப்போனவர் வைத்தியரிடம் என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தது. தோட்டத்து மருந்துக் கொப்பியிலும் முதல் நாள் வரவு இல்லை என்றால், வேலைக்கும் சாவுக்கும் இடையே இருந்த ஒரே நூல் அறுந்துபோயிற்று.

இறப்பு நேர்ந்தால் நடப்பதையும் சொல்லவேண்டும். தோட்டத்தில் சாவென்றால் கொம்பனி பெட்டி கொடுக்கும், வாகனம் கொடுக்கும், சில சமயம் கையில் பணமும் கொடுக்கும். தொழிற்சங்கத் தலைவர்கள் வந்துபோவார்கள். கொடுத்த பணத்துக்கு ஒரு கடதாசியில் கையெழுத்தும் வாங்கப்படலாம். இதெல்லாம் மனிதாபிமானம், நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் இது நட்டஈடு அல்ல. இறப்புக்கான நட்டஈட்டை முதலாளி தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்யவேண்டும். தங்கிவாழ்ந்தவர்கள் யார், யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவர் ஆணையாளர். வீட்டாருக்கு நேரில் கொடுத்த தொகையால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கிய ஒப்பந்தமும் சட்டத்தின் முன் செல்லாது. கடதாசியில் கையெழுத்திட்டுவிட்டோம், இனி ஒன்றும் செய்யமுடியாது என்று நினைத்து உட்கார்ந்துவிடுபவர்கள், சட்டம் கேட்காத ஒன்றுக்குக் கட்டுப்படுகிறார்கள்.

ஆணையாளரின் அலுவலகம் கொழும்பு 5இல், நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. பூண்டுலோயாவிலிருந்து போக ஒரு முழு நாள், திரும்ப இன்னொரு நாள். போகிற நாளுக்குப் பேரும் இல்லை. விண்ணப்பத்தோடு மரண அத்தாட்சிப் பத்திரம், மருத்துவ அறிக்கை, சம்பள விபரம், உறவைக் காட்டும் பத்திரங்கள் வேண்டும். தோட்டத்தில் பிறந்து, பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு பத்திரத்தில் வேறு மாதிரியும் எழுதப்பட்ட தலைமுறை இது. பெயர் திருத்துவதற்கே மாதங்கள் ஓடும். விண்ணப்பிக்கக் காலக்கெடு இருப்பதால், இந்த வேலையை முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு தொடங்கவேண்டும்; வருடத் திவசம் வரை தள்ளிவைக்கக் கூடாது.

தொகை எவ்வளவு? அது மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2005இல் உச்ச வரம்பு ஐந்தரை லட்சம் ரூபாய் ஆனது. பதினேழு வருடம் அங்கேயே நின்றது. 2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை இருபது லட்சமாக உயர்த்தியது. நல்ல காரியம். ஆனால் அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. சட்டம் கொடுத்ததைச் சந்தை சில மாதங்களிலேயே கடித்துக்கொண்டது. மொத்தமாக ஒரு முறை கொடுத்துக் கணக்கை முடிக்கும் முறையின் பலவீனம் இதுதான். முப்பது வயதில் விதவையானவளின் கையில் இருக்கும் தொகைக்கு, கடைசிப் பிள்ளை பள்ளி முடிக்கும்போது என்ன மதிப்பு இருக்கும் என்று யாரும் சொல்லமுடியாது.

சர்வதேசத் தொழில் அமைப்பு இதை எப்போதோ யோசித்துவிட்டது. விவசாயத் தொழிலாளர்களுக்கும் விபத்து நட்டஈட்டுச் சட்டம் பொருந்தவேண்டும் என்று 1921இலேயே 12ஆம் இலக்க உடன்படிக்கையை எழுதிய அமைப்பு அது. 1925இன் 17ஆம் இலக்கம், நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும் கொடுப்பனவு காலாகாலத்தில் தொடர்ந்து வரவேண்டும், மொத்தத் தொகை ஒழுங்காகப் பயன்படும் என்று அதிகாரிக்குத் திருப்தி இருந்தால் மட்டுமே ஒரேயடியாகக் கொடுக்கலாம் என்றது. 1964இன் 121ஆம் இலக்கம் இன்னும் துல்லியமானது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள தொழிலாளி வேலை செய்யமுடியாமல் போனால் சம்பளத்தில் 60 வீதம், அவர் இறந்து மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மிஞ்சினால் 50 வீதம், மாதாமாதம். விலைவாசி கணிசமாக ஏறினால் கொடுப்பனவையும் மீளப் பார்க்கவேண்டும். வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்தையும் அது கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இலங்கை இந்த 121ஐ ஏற்கவில்லை. தோட்டங்களுக்கென்றே 1958இல் எழுதப்பட்ட 110ஆம் இலக்கத்தை 1995இல் ஏற்றது. அதில் நட்டஈட்டுக்கும், வீட்டுக்கும், மருத்துவத்துக்கும் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன; ஏற்கும் நாடு சிலவற்றை விலக்கிவைக்கவும் அந்த உடன்படிக்கையே இடம் கொடுக்கிறது. ஆகவே 110ஐ ஏற்றுவிட்டோம் என்று மேடையில் பேசுபவரிடம், எந்தெந்தப் பகுதிகளை என்று கேட்பது நல்ல பழக்கம்.

வழி விபத்து விஷயத்தில் 2022 திருத்தம் 121க்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. வேலைக்குப் போகும்போதும் வேலையிலிருந்து திரும்பும்போதும் நேரும் விபத்து இப்போது சட்டத்துக்குள் வருகிறது. தோட்டத்தில் இது சின்ன விஷயமல்ல. லயத்துக்கும் மலைக்கும் நடுவே வழுக்கும் படிக்கட்டு, ஓடை, ஒற்றையடிப் பாதை. தூர மலைக்கென்றால் லொறியின் பின்பெட்டியிலோ டிரக்டரிலோ நின்றுகொண்டு போகிறார்கள். ஆனால் பல தோட்டங்களில் தலைவர்மாருக்கே இந்தத் திருத்தம் தெரியாது. டிரக்டர் கவிழ்ந்தால் பொலிஸ் வழக்கு ஒன்று, வாகனக் காப்புறுதி ஒன்று என்று ஓடுவார்கள்; மூன்றாவதாக ஒரு கதவு இருப்பதைப் பார்க்கமாட்டார்கள்.

விபத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். உலகக் கணக்கோ வேறு இடத்தைக் காட்டுகிறது. சர்வதேசத் தொழில் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வேலை காரணமாக ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட 29 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் விபத்தால் இறப்பவர்கள் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். மிச்சம் 26 லட்சம் பேரைக் கொல்வது நோய். நோய்க்கு நாள் நட்சத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. 1925இன் 18ஆம் இலக்க உடன்படிக்கை தொழில் நோய் என்று ஒப்புக்கொண்டவை மூன்றே மூன்று: ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, அந்த்ராக்ஸ். 1934இல் பத்து ஆயிற்று. 1980இல் திருத்தப்பட்ட 121இன் அட்டவணையில் 29. அட்டவணை நீளநீளத் தொழிலாளியின் சுமை குறையும். அட்டவணையில் உள்ள நோயும் அதற்குரிய வேலையும் பொருந்தினால், காரணத்தை அவர் தனியாக நிரூபித்துக்கொண்டிருக்கவேண்டியதில்லை. அட்டவணைக்கு வெளியே நிற்பவருக்குச் சுமை முழுதும் தோளில்.

தேயிலைக்கும் இதில் பங்கு உண்டு. இலங்கையின் சுவாசநோய் வைத்தியர் சி.ஜி. ஊரகொட, தேயிலைத் தொழிலாளரின் ஆஸ்துமாவைப் பற்றி 1970இலேயே பிரிட்டிஷ் தொழில்சார் மருத்துவ இதழில் எழுதினார். 1980இல் தேயிலைத் தூசுக்குள் வேலை செய்தவர்களின் நுரையீரல் நோய்களை ஆராய்ந்து வெளியிட்டார். அரைத்த கொழுந்து காய்ந்து, சலித்து, தரம் பிரிக்கும்போது பறக்கும் மெல்லிய பஞ்சுத் தூசு, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்த யாருக்கும் தெரியும். முகத்தில் கட்டும் துணி அதைத் தடுக்காது. இருபது வருடம் சல்லடைக்குப் பக்கத்தில் நின்றவர் இருமினால், குளிர், பீடி, வயது என்று மூன்று காரணங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. தூசு நாலாவதாகக்கூட வருவதில்லை. இலங்கைக்காரர் ஒருவர் ஐம்பது வருடத்துக்கு முன்பே கண்டு எழுதிய நோய் என்பதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஸ்டோரில் இருப்பவருக்காவது 1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இயந்திரத்துக்குக் காப்பு, விபத்தை அறிவிக்கும் கடமை, பரிசோதகர் என்று ஒரு வேலி. மலை தொழிற்சாலை அல்ல. மருந்து அடிப்பவர், கவ்வாத்து வெட்டுபவர், கொழுந்து பறிப்பவர் அந்த வேலிக்கு வெளியே. களைகொல்லிகளில் பராகுவாட் இலங்கையில் 2010 அளவில் முழுதாக நிறுத்தப்பட்டது. கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திரும்ப வந்தது. எந்த வருடம் எந்த மருந்து, யார் முதுகில் டாங்கியைச் சுமந்தார் என்ற விபரம் தோட்டத்துக் கணக்கில்தான் இருக்கும். தொழிலாளியின் வீட்டில் இருக்காது. முதுகுவலி, முழங்கால் தேய்வு, தோள் இறக்கம் ஆகியவற்றை மேலே சொன்ன உடன்படிக்கை அட்டவணைகளில் தேடவே வேண்டாம்.

இவ்வளவுக்கும் கீழே ஓர் அத்திவாரம் இருக்கிறது: முதலாளி என்று ஒருவர். ஜெர்மனி 1884இல் விபத்துக் காப்புறுதியைத் தொடங்கியபோது முதலாளிகள் எல்லோரும் பொது நிதிக்குக் கட்டவேண்டும் என்றது. அதனால் ஒரு முதலாளி ஓடிப்போனாலும் பணம் வரும். இங்கிலாந்து ஒவ்வொரு முதலாளியின் தலையிலும் தனித்தனியே பொறுப்பை வைத்தது. நாம் இங்கிலாந்தின் பிள்ளைகள். இலங்கையில் விபத்து நட்டஈட்டுக்கென்று பொது நிதி இல்லை. முதலாளி இருந்தால், அவரிடம் பணமிருந்தால், அவர் முதலாளி என்பதை ஒப்புக்கொண்டால் மட்டுமே சட்டம் வேலை செய்யும்.

மூன்றாவது நிபந்தனை இப்போது தளர்ந்துகொண்டிருக்கிறது. 1992இல் பிரதேசப் பெருந்தோட்டக் கொம்பனிகள் தோட்டங்களை எடுத்தபோது மூன்று லட்சத்துக்கு மேல் தொழிலாளர்கள் இருந்தார்கள். இன்று அதில் பாதியும் இல்லை. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதும் கூட்டு ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. சம்பளத்தைச் சம்பள நிர்ணய சபை தீர்மானிக்கத் தொடங்கியது. 2024இல் அது 1,350 ரூபாய். நாட்சம்பளம் ஏற ஏற, கிலோ கணக்கும் இறுகியது. கேட்ட கிலோ வராவிட்டால் அரைப்பேர். அரைப்பேர் எழுதப்பட்ட மாதத்தில் பதிவுச் சம்பளம் குறையும். நட்டஈடு கணக்கிடுவது அந்தப் பதிவுச் சம்பளத்தில். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக்குப் பறிப்பவர் நிலை இன்னும் மோசம். அன்றைக்கு அவர் செக்ரோல் எனப்படும் வேலைப் பதிவேட்டிலேயே இல்லாமலிருக்கலாம். குளவிக்கு ஞாயிறு திங்கள் தெரியாது.

அதற்கும் அடுத்த படி, 'அவுட்குரோவர்' என்று அழைக்கப்படும் முறை. ஒரு குடும்பத்துக்கு இத்தனை ஆயிரம் செடி பிரித்துக் கொடுக்கப்படும். பராமரிப்பதும் பறிப்பதும் குடும்பத்தின் வேலை. கொழுந்தைக் கிலோ விலைக்குக் கொம்பனி வாங்கிக்கொள்ளும். எட்டு மணி பிரட்டு இல்லை, கங்காணி அதட்டல் இல்லை, உழைத்தால் கூடக் கிடைக்கும் என்பதால் இதை விரும்புபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்லமுடியாது. ஆனால் அந்த ஏற்பாட்டில் அவர் தொழிலாளியா, கொழுந்து விற்கும் வியாபாரியா? வியாபாரி என்றால் குளவி கொட்டிய அன்றைக்கு அவருடைய முதலாளி அவரேதான். உதவிக்கு வந்த தம்பி மனைவிக்குக் கொட்டினால், நட்டஈடு கொடுக்கவேண்டியவராகவும் அவரே நிற்கவேண்டிவரலாம். செடி கொம்பனியுடையது, காணி அரசாங்கத்துடையது, கொழுந்து போகும் ஸ்டோர் கொம்பனியுடையது, ஆபத்து மட்டும் குடும்பத்துடையது. ஒப்பந்தத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும், விலையையும் வேலை முறையையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பார்த்து, இது வேலை உறவுதான் என்று வாதாட இடமுண்டு. வாதாட ஆளும் காலமும் வேண்டும்.

முதலாளி கைவிரித்தால் என்னாகும் என்பதைப் பக்கத்து நாடு ஏற்கனவே பார்த்துவிட்டது. 2013 ஏப்ரல் 24இல் பங்களாதேஷின் ரானா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அன்றைய சட்டப்படி ஓர் உயிருக்கு ஒரு லட்சம் டாக்கா. தையல் பட்டறைகளோ கட்டிடத்தோடு போய்விட்டன. அப்போதுதான் சர்வதேசத் தொழில் அமைப்பு நடுவே நின்று, 121ஆம் இலக்கத்தின் கணக்கைக் கையிலெடுத்தது. அங்கிருந்து ஆடை வாங்கிய உலக வியாபாரப் பெயர்களும் மற்றவர்களும் போட்ட மூன்று கோடி டாலர் நிதியிலிருந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் இழந்த சம்பளத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். 2022இல் அந்த நாடு ஆடைத் தொழிலுக்கு வேலைக்காயக் காப்புறுதித் திட்டம் ஒன்றைச் சோதனையாகத் தொடங்கியது. நிரந்தரமாக ஊனமுற்றவர்களுக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் மாதாந்தக் கொடுப்பனவு, செலவில் ஒரு பங்கு வாங்கும் கொம்பனிகளுடையது. சிலோன் டீ என்ற பெயரை விற்றுச் சம்பாதிப்பவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆயிரம் பேர் ஒரே நாளில் சாகாமல், ஒருவர் ஒருவராகப் பல மலைகளில் சாவதால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பொது நிதி ஒன்று வரும்வரை இருக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாளைக்குக் கொட்டினால் செய்யவேண்டியது அதிகமில்லை. எத்தனை சின்னக் கொட்டானாலும் அன்றைக்கே மருந்துக் கொப்பியில் பெயர், மலை இலக்கம், நேரம் பதியவேண்டும். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளவேண்டும். கூடு தெரிந்தால் தோட்டத்துரைக்குத் திகதியிட்டு எழுத்தில் கொடுத்து, பிரதியில் ஒப்பம் வாங்கவேண்டும். வைத்தியசாலையில் 'மேலுக்கு முடியவில்லை' என்று சொல்லாமல், வேலை செய்யும்போது மலையில் குளவி கொட்டியது என்று சொல்லி, அதை எழுதச் சொல்லவேண்டும். சம்பளப் பற்றுச்சீட்டை அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்துவிடக் கூடாது. அவுட்குரோவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பறிக்கும்போது காயம்பட்டால் நட்டஈடு யார் கொடுப்பது என்ற வரி அதில் இருக்கிறதா என்று தலைவரை வைத்துப் பார்க்கவேண்டும். இல்லையென்றால் அந்த வரியை எழுதித் தரும்படி கேட்கவேண்டும். எழுதித் தர மறுத்தால், அந்த மறுப்பையும் திகதியோடு குறித்துவைத்துக்கொள்ளவேண்டும்.